பாதிக் கைக்கு ஒரு பேட்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்து எழுதியதெல்லாம் கச்சேரிக்கான பாட்டு வரிசையும், ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயரும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. பேச வராதவன் எழுதக் கிளம்புவது உங்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. வாயால் முயன்று பார்த்தேன். பாதியில் நின்றுவிடுகிறது.

திருவண்ணாமலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் ரிதம் பேட் வாசித்தேன். குழு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாடுகிற தலைவர், கூடப் பாடும் பாடகி, கீபோர்டுக்காரர், பேட்காரனான நான், மிக்ஸரைப் பார்த்துக்கொள்ளும் சவுண்டு செட்டுக்காரர். ஐந்தே பேர். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று போவோம். ரிதம் பேட் என்பது சூட்கேஸ் மூடி அளவுக்கு ஒரு பெட்டி. மேலே நாலு, கீழே நாலு என்று எட்டு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சத்தம் இருக்கும். தபேலா, டோலக், தவில், பம்பை என்று எது வேண்டுமோ அதை ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு குச்சிகளால் அடிக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் இசை இல்லை. பேட்காரன் பின்னால் உட்காருவான். மைக் அவன் பக்கம் திரும்பவே திரும்பாது.

போன தை மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். கை போகவில்லை. உள்ளே தையல் மிஷினில் இருந்த என் மனைவி, "இன்னாங்க, காலையிலயே சொம்ப உருட்டி வெளையாடறீங்களா?" என்றாள். நான் பதில் சொல்லப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் போயிருந்தது. அவள் வெளியே வந்து பார்த்து, அதற்குப் பிறகு கத்தினாள்.

பக்கவாதம் என்றார்கள். இழுத்துக்கொண்ட கால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. வாயும் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் பாதியில் நின்றுகொண்டது. தூக்க முடியும், விரலை மடக்க முடியும், ஒரு பொருளைத் தொட முடியும். அழுத்தம் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினமும் பிசையச் சொன்னார்கள். நான் பிசைந்தேன். பந்து அப்படியே இருந்தது.

குச்சியைப் பிடித்தால் இரண்டாவது அடியிலேயே கீழே விழுந்தது. மனைவி ஜாக்கெட்டுக்குத் தைக்கிற எலாஸ்டிக்கை எடுத்துக் குச்சியை என் உள்ளங்கையோடு கட்டிப் பார்த்தாள். குச்சி விழவில்லை. ஆனால் அடித்ததும் எழும்பாமல் ரப்பர் மேலேயே படுத்துக்கொண்டது. ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எலாஸ்டிக்கை அவிழ்த்துக் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தாள்.

ஆனி மாதம் குழுத் தலைவர் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். என்னைவிட ஏழு வயது பெரியவர். உட்கார்ந்ததும் என் கையைத் தூக்கிப் பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"ஏம்பா, இது எவ்ளோ தூரம் வந்திருக்கு?"

"வருதுங்க."

"வருதுன்னா எப்ப? ஆடி பொறக்கப் போவுது. கீபோர்டுக்காரரு ட்ராக்லயே ஓட்டிக்கலாம்னு சொல்றாரு. லேப்டாப்ல போட்டா தபேலாவும் வருது, தவிலும் வருது, சோறும் கேக்க மாட்டேங்குது."

என் மனைவி காபியை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "அப்ப அந்த லேப்டாப்புக்கே சாத்துக்குடி வாங்கினு போயிருக்கலாமே அண்ணே."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள். பகல் கச்சேரி. அங்கே நான் முழுக்க உட்கார்ந்து வாசித்துவிட்டால் என் இடம் எனக்கே. முடியவில்லை என்றால் இனிமேல் ட்ராக்தான்.

"மத்த பாட்டுக்கெல்லாம் ட்ராக் போதும்பா. எனக்கு உன்ன வுட மனசு வராதது ஒண்ணுக்குதான். ஆத்தா வந்தா எறக்கறதுக்கு லேப்டாப்புக்குத் தெரியாது."

அவர் எதைச் சொல்கிறார் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோயில் கச்சேரியில் அம்மன் பாட்டு போகும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும். அது பாட்டு வரியால் வருவதில்லை, பம்பை அடியால்தான் வருகிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வந்த பிறகு பாடுகிறவருக்கு வேலை இல்லை. பேட்காரன் அந்த ஆளின் காலைப் பார்த்து வாசிக்க வேண்டும். கால் வேகம் எடுத்தால் அடியும் வேகம் எடுக்கும். குறி சொல்லி, கற்பூரம் காட்டி முடிந்ததும் அடியை இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தவே கூடாது. முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இலை மேல் தண்ணீர் சொட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கும் கீழே போய் விட்டுவிட வேண்டும். அந்த ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவார். சில நாள் பத்து நிமிடம் ஆகும். பாதியில் விட்டால் அம்மனையே பாதியில் விட்டதாக ஊர் எடுத்துக்கொள்ளும். இதை நான் நன்றாகச் செய்வேன் என்று ஒரு பெயர் இருந்தது. எனக்கு இருந்த ஒரே பெயர் அதுதான்.

விரலால் தட்டுகிற சின்ன பேட் ஒன்று இருக்கிறது என்று கீபோர்டுக்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மிடி பேட் என்பார்கள். அதற்குள் சத்தம் கிடையாது. கேபிளில் போனிலோ லேப்டாப்பிலோ மாட்டினால், எந்தக் கட்டத்தை எவ்வளவு வேகமாகத் தட்டினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும். சத்தம் போனிலிருந்து வரும். குச்சி தேவையில்லை. குச்சி தேவையில்லை என்பதை மட்டும்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

டவுனில் இசைக்கருவி விற்கும் கடைக்கு முதலில் போனோம். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. பாதிக்கு மேல் சின்னச் சின்ன கீபோர்டுக் கட்டைகள், ஓரத்தில் எட்டு ரப்பர் கட்டங்கள். கடைக்காரர் லேப்டாப்பில் மாட்டிக் கொடுத்தார். வலது கையால் தட்டினேன், சத்தம் வந்தது. இடது கையால் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். பத்துத் தடவைக்கு ஒன்று, மூலையில் எலி ஓடுகிற மாதிரி வந்தது. கடைக்காரர் என் கையைப் பார்த்தார். பிறகு கடைக்கு வந்த வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடுவதுபோல நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து மனைவிதான் செய்தி கொண்டுவந்தாள். ரமணாசிரமம் பக்கம் அறைகளை வாடகைக்கு விடும் ஒரு அம்மாவுக்கு அவள் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அங்கே தங்கியிருந்த சென்னைக்காரர் ஒருவர் காலி செய்கிறாராம். தியானத்துக்குப் போடுகிற இசையெல்லாம் அறையிலேயே செய்கிறவர். பெட்டிகளை விற்கிறாராம்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு காபிக் கடைக்குப் பின்னால் மாடி அறை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தாடி, கட்டம் போட்ட லுங்கி. பாயின் மேல் இரண்டு பேடுகளை வைத்திருந்தார். பெரியது பதினாறு கட்டம். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடப் பெரிது. தொட்டால் மெத்தென்று இருந்தது. வலது கையால் வாசித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அதற்கு லேப்டாப் வேண்டும். கனமும் அதிகம். என்னால் ஒற்றைக் கையில் தூக்க முடியவில்லை.

சின்னது, நோட்டுப் புத்தகம் அளவு. மேலே ரேடியோவில் இருப்பதுபோல எட்டுத் திருகுகள், கீழே இரண்டு வரிசையில் எட்டுக் கட்டங்கள், என் பழைய பேட் மாதிரியே. போனிலேயே மாட்டலாம். என் மனைவி முதலில் விரலை வைத்தாள். பட்டாசுக் கிடங்கு வெடிப்பதுபோல ஒரு சத்தம். அவள் கையை இழுத்துக்கொண்டு, "இன்னாப்பா இது, தியானத்துக்கு இப்பிடியா சத்தம் வெச்சிருக்க?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு டோலக்குக்கு மாற்றிக் கொடுத்தார். வலது கை, சத்தம் வந்தது. இடது கை, ஒன்றும் இல்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். போகலாம் என்று மனைவியிடம் கண்ணால் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இவருக்குக் கை இழுத்துனு போயி வந்திருக்கு. அழுத்தம் கம்மி. இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது. அவள் சொன்னாள்.

அவர் ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. "இப்ப தட்டுங்கண்ணா."

தட்டினேன். தட்டினேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, விரலை வைத்தேன். டோலக் முழுச் சத்தத்தோடு வந்தது. இடது கைச் சத்தம். ஆறு மாதத்துக்குப் பிறகு. இன்னொரு தடவை வைத்தேன். அதே சத்தம். வலது இடது, வலது இடது என்று ஒரு சாதாரண நடையை வாசித்தேன். எந்தக் கை கெட்ட கை என்று கண்ணை மூடிக் கேட்டால் தெரியாது. என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு ஃபுல் லெவல்னு பேருண்ணா. மெதுவா தொட்டாலும் ஃபுல்லா வரும். ஆனா ஏத்த இறக்கம் போயிடும், அது மட்டும் பாத்துக்கங்க."

நான் தலையை ஆட்டினேன். ஏற்ற இறக்கம் போகும் என்றால் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை அந்த நேரத்தில் வைத்துப் பார்க்க இடம் இல்லை. மேலே இருந்த எட்டுத் திருகுகள் எதற்கு என்றும் நான் கேட்கவில்லை. கேட்டால், இருபத்திரண்டு வருடம் வாசித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று இருந்தது. அவர் அப்படி நினைக்கிற ஆள் இல்லை. மறுநாள் பணத்தையும் என் பழைய பேடையும் ஆட்டோவில் எடுத்துப்போய்ச் சின்னதை வாங்கியபோது, பழையதில் இருந்த சத்தங்களையெல்லாம் பொறுமையாக என் போனில் ஏற்றிக் கொடுத்தார். கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, வாசல் வரை வந்தார். அப்போதும் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு இருந்தது மூன்று வாரம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வாசித்தேன். சோறு போட்டு வைத்துவிட்டு மனைவி கூப்பிடுவாள். "அந்த நோட்டுப் புஸ்தகத்த மூடிட்டு வாங்க. பத்தாங்கிளாஸ்ல இவ்ளோ படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பீங்க." விரல் கட்டத்தின் மேல் படவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இடது கையை அனுப்ப வேண்டியிருந்தது, அது தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்பதால். அதைப் பழகிவிட்டேன். தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு ஒத்திகை வைத்தோம். சினிமாப் பாட்டு, முருகன் பாட்டு, ஐயப்பன் பாட்டு எல்லாம் போனது. கீபோர்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பழைய பேட விட பஞ்சா கீதே, குத்து வுடற மாதிரி" என்றார். தலைவர் என் முதுகில் தட்டினார்.

அம்மன் பாட்டையும் போட்டோம். ஆனால் பாட்டு வரைக்கும்தான். பாட்டுக்குப் பின்னால் வரும் பம்பை அடியை யாரும் ஒத்திகையில் வாசிப்பதில்லை. வீட்டிலும் வாசிப்பதில்லை. காப்புக் கட்டிய ஊரில், கோயிலுக்கு எதிரில் மட்டும்தான் அது. ஒரு காலத்தில் ஒத்திகையின்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்து, குறி கேட்கவும் ஆளில்லாமல், கற்பூரமும் இல்லாமல் திண்டாடியதாகத் தலைவர் சொல்வார். வீட்டில் ஒருநாள் நான் போனில் பம்பைச் சத்தத்தை எடுத்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டினேன்.

மிஷின் நின்றது. "ஏங்க, வெள்ளிக்கெழம அதுவுமா அத்தத் தட்டாதீங்க. எதுக்குனு வீட்ல கூப்பிடறீங்க?"

சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான். அந்த அடிக்கு ஒத்திகை தேவைப்பட்டதில்லை.

ஆடி முதல் ஞாயிறு வந்தது. மனைவியும் கூட வந்தாள். கேபிளைப் போனில் செருக இடது கையால் பிடித்துக்கொள்ள முடியாது என்பதால் அவள் வேண்டியிருந்தாள். சின்ன மாரியம்மன் கோயில். எதிரில் ஷாமியானா. ஒரு பக்கம் செங்கல் அடுப்பு மூட்டி மூன்று பெரிய அண்டாக்களில் கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தனியாக. ஜனங்கள் தூக்கும் சொம்புமாக வரிசையில் நின்றார்கள். வெயில் கோயிலின் தகரக் கூரையில் அடித்தது. மனைவி கேபிளை மாட்டிவிட்டு, போனிலிருந்து மிக்ஸருக்குப் போகும் வயரையும் செருகிவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

முதல் ஆறு பாட்டு நன்றாகப் போனது. இதை நான் சொல்லத்தான் வேண்டும். உண்மையிலேயே நன்றாகப் போனது.

ஏழாவது அம்மன் பாட்டு. பாட்டு முடிந்து பம்பைக்கு வந்தபோது அந்த அம்மா எழுந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஊரில் ஒவ்வொரு ஆடிக்கும் அவருக்குத்தான் வரும். முந்தின மூன்று வருடமும் நான்தான் அவரை இறக்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் கால் எனக்குத் தெரியும். வலது குதிகாலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றுவார்.

முடி அவிழ்ந்தது. பெண்கள் இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்தார்கள். நான் அவர் குதிகாலைப் பார்த்து வாசித்தேன். பேட் முழங்கியது. முழுச் சத்தம், இரண்டு கையும் ஒரே சத்தம். பழைய பேடில்கூட அவ்வளவு கனமாக வந்ததில்லை. தலைவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்கூடச் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். குறி கேட்டார்கள். மழை உண்டு என்றார், வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஏதோ சொன்னார். கற்பூரம் காட்டினார்கள். தலைவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கீழே அசைத்தார். இறக்கு என்று அர்த்தம்.

வேகத்தைக் குறைத்தேன். குறைந்தது. சத்தத்தைக் குறைத்தேன். குறையவில்லை.

இன்னும் மெதுவாகத் தொட்டேன். அதே சத்தம். விரல் நுனியை மட்டும் வைத்தேன். அதே சத்தம். வேகம் குறைந்ததால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, முழுசாக விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாவின் உடம்பு சாட்டை பட்டதுபோல எழும்பியது. உட்காரப் போகிறவர் போல முழங்கால் மடங்கும், அடுத்த அடி விழும், தூக்கிப் போடும். தலைவர் மறுபடி கையைக் கீழே அசைத்தார். பெண்கள் என் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

மிக்ஸரில் குறைக்கச் சொல்லலாம் என்று சவுண்டு செட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நாற்காலி காலி. கூழ் வரிசையில் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். என் வாழ்க்கையில் நான் மேடையிலிருந்து கத்தியதில்லை. அன்றும் கத்தவில்லை. போனில் சத்தத்தைக் குறைக்க ஒரு கை வேண்டும். வலது கையை எடுத்தால் அடி நின்றுவிடும். மேலே இருந்த எட்டுத் திருகுகளில் ஏதாவது ஒன்று அதற்குத்தான் இருக்க வேண்டும். எது என்று எனக்குத் தெரியாது.

வலது சுண்டுவிரலால் சிவப்பு விளக்குப் பொத்தானை அணைத்தேன்.

வலது பக்கச் சத்தம் இறங்கியது. நான் விரும்பிய மாதிரியே இறங்கியது. இடது பக்கம் இல்லாமல் போய்விட்டது. பம்பைக்கு இரண்டு முகம். ஒன்று கணீரென்றும் ஒன்று கும்மென்றும் பேசும். கணீர் மட்டும் வந்தது. கும் வரவேண்டிய இடத்தில் என் விரல் ரப்பரைத் தொட்டது, ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, அடுத்த அடிக்காக நின்றார். அடி வரவில்லை. காலைத் தூக்கியபடியே இருந்தார். நான் மறுபடி தொட்டேன். மறுபடி தொட்டேன். அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துண்டைப் பிடித்திருந்த பெண்ணின் கையிலிருந்து துண்டு உருவிக்கொண்டது. முகம் குப்புற, கூழ் காய்ச்சிய அடுப்பின் செங்கல் மேல் விழுந்தார்.

நெருப்பு இல்லை, அணைத்திருந்தார்கள். முன்பல் ஒன்று போய்விட்டது. உதடு கிழிந்து மஞ்சள் புடவையெல்லாம் ரத்தம். அப்போதும் அவருக்கு இறங்கவில்லை. கீழே கிடந்தபடியே கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. நான் வாசிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

"பாதியில வுட்டுட்டாம்பா!" என்று ஒரு ஆள் கத்தினார்.

"யார்ரா அவன் பேட்ல? குடிச்சிட்டு வந்திருக்கானா?"

"எறக்கத் தெரியாதவன் எதுக்குடா ஏத்தற?"

தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்கல்லாம் மன்னிக்கணும். நம்ம பேட்காரருக்குப் பக்கவாதம் வந்து உடம்பு சரியில்ல. கை ஒத்துழைக்கல. அவர் சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஷாமியானாவில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் மைக் முதல் தடவையாக என்னைப் பற்றிப் பேசியது.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை அடித்து, யாரோ பழைய உடுக்கை ஒன்றை எடுத்துவந்து தட்டிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. என் மனைவி அந்த அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் உதட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணைத் திறந்ததும் அவர் அவளிடம் ஏதோ சொன்னார். நான் மேடையை விட்டு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாலு எட்டு தூரம்தான். போகவில்லை. கேபிளை ஒற்றைக் கையால் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். மீதிக் கச்சேரி வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

குழுவின் வேனில் திரும்பினோம். எங்கள் தெருமுனையில் இறங்கும்போது தலைவர் என்னைப் பார்க்காமல், "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுப்பா" என்றார். வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து வெகு நேரம் கழித்து மனைவியிடம் கேட்டேன், அந்த அம்மா என்ன சொன்னார் என்று.

"வேணாங்க, வுடுங்க."

"சொல்லு."

அவள் மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பக்கந்தான் கேட்டுச்சாம். இன்னொரு பக்கத்துக்காகக் காத்துனு நின்னுச்சாம்."

நூல் முனையைக் கடித்துவிட்டு அவளே, "அந்தத் தம்பி அன்னிக்கே சொல்லுச்சுங்களே, ஏத்த எறக்கம் போயிடும்னு. எனக்கு அது இன்னான்னு தெரியாது. உங்களுக்குத் தெரியுமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை என்பதுதான் அப்போது என் கவலை. வருகிற சத்தத்தைப் போகச் சொல்லவும் கை வேண்டும் என்பதை, அதையே தொழிலாகச் செய்தவன், மறந்துபோனேன். இதை அவளிடம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குத் தலைவர் ஆடி மாத நிகழ்ச்சிப் பட்டியலைக் குழுவின் வாட்ஸப்பில் போட்டார். ஊர், நேரம், யார் யார் என்று இருந்தது. பேட் என்ற இடத்தில் ட்ராக் என்று எழுதியிருந்தது. நான் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு மணி வரை வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு வந்தேன்.